மனசுக்குத் தெம்பு தரும் புத்தகங்கள்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தையல் மெஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். அதனால்தான் "புத்தகப் பெட்டி விஷயமா நீயே பேசிடும்மா" என்று தலைவி அக்கா என்னை மேடை ஏற்றிவிட்டார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கூட்டமைப்பின் சொந்த நிதியிலிருந்து ஒரு புத்தகப் பெட்டி வாங்கி, மாதம் ஒரு குழுவுக்கு என்று சுற்றுக்கு விடலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. பெட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள்ளே என்ன புத்தகம் வைப்பது என்பதில்தான் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "சாமி புத்தகம் மட்டும் வைங்க, மத்ததெல்லாம் புள்ளைங்களக் கெடுத்துடும்" என்றார்கள் சிலர். "நம்ம குழுக்கள்ல கோயிலுக்குப் போறவங்களும் இருக்காங்க, சர்ச்சுக்குப் போறவங்களும் இருக்காங்க, பள்ளிவாசல் வீட்டுக்காரங்களும் இருக்காங்க. சாமி புத்தகமே வேணாம், சண்டை வரும்" என்றார்கள் வேறு சிலர். தீர்மான நோட்டில் ஒன்றும் எழுதாமலே கூட்டம் கலைந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமி புத்தகம் கட்டாயம் வேண்டும். எல்லார் சாமி புத்தகமும் வேண்டும். ஆனால் அட்டையில் சாமி படம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு புத்தகத்தைப் பெட்டிக்குள் விடக்கூடாது. அரிசி வாங்கும்போது கல் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரி பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி: இதைப் படித்து முடித்ததும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறதா, இல்லை, சுருண்டு படுக்கத் தோன்றுகிறதா?

இரண்டாவது கேள்வி: என் சாமியை உயர்த்துவதற்காக அடுத்த வீட்டுக்காரி சாமியை மட்டம் தட்டுகிறதா? அந்தப் பக்கத்தை அவள் முன்னாடி உரக்கப் படிக்க என்னால் முடியுமா?

மூன்றாவது கேள்வி: என்னைப் பயமுறுத்துகிறதா? "இதை அச்சடிச்சு இத்தனை பேருக்குக் கொடுக்கலேன்னா குடும்பத்துக்கு ஆகாது" என்று நோட்டீஸ் வரும், பார்த்திருப்பீர்கள். பக்தி வேறு, பயங்காட்டுவது வேறு. அதே மாதிரி, "நீ நினைச்சா ஒரே வருஷத்துல கோடீஸ்வரி" என்று சொல்கிற புத்தகங்களும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மழை பெய்து கரும்பு சாய்ந்தால், மாட்டுக்குச் சீக்கு வந்தால், "நீ சரியா நினைக்கல, அதான்" என்று பழியை நம் தலையிலேயே போட்டுவிடும். அதில் எனக்குத் தெம்பு ஏதும் தெரியவில்லை.

இந்த மூன்று கேள்வியையும் தாண்டி வருகிற புத்தகங்கள் நம் தமிழில் நிறைய இருக்கின்றன. நான் படித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மார்கழி பிறந்தால் விடியக்காலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறோம். மொத்தம் 30 பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடியது. உரையோடு உட்கார்ந்து படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. 6-ஆம் பாட்டிலிருந்து 15-ஆம் பாட்டு வரைக்கும், பத்துப் பாட்டு, தோழிகளை எழுப்புகிற வேலைதான் நடக்கிறது. ஒருத்தி தூங்குகிறாள், ஒருத்தி சாக்குச் சொல்கிறாள், ஒருத்தி உள்ளேயிருந்தே பதில் பேசுகிறாள். ஆண்டாள் நினைத்திருந்தால் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று "அக்கா, கிளம்புங்க" என்று கூப்பிடும் ஊக்குநர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அவர்களுக்கு இந்தப் பாட்டு சட்டென்று புரியும்.

அடுத்தது சீறாப்புராணம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப்புலவர் தமிழில் காவியமாகப் பாடியது. அதில் "மானுக்குப் பிணை நின்ற படலம்" என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு வேடன் பெண் மானைப் பிடித்துக் கட்டிவிடுகிறான். அதன் குட்டி காட்டில் பசியோடு கிடக்கிறது. "போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்" என்கிறது மான். வேடன் நம்புவானா? சிரிக்கிறான். அப்போது நபிகள், "அந்த மானுக்கு நான் பிணை" என்று சொல்லி அங்கேயே நிற்கிறார். மான் போகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறிவிடுகிறான்.

பிணை என்ற சொல்லுக்கு அர்த்தம் நமக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லை, நகை இல்லை, ஒருத்திக்கு ஒருத்தி பிணை என்று சொல்லித்தானே நாம் வங்கியில் கடன் வாங்குகிறோம்! பிணை நிற்பவரின் மானமும், திரும்பி வருகிறவளின் வாக்கும் சேர்ந்ததுதான் நம் குழு. இந்தக் கதையை எங்கள் குழுவில் உள்ள ஒரு முஸ்லிம் அக்கா சொல்லக் கேட்டு, அன்றைக்கு வசூலுக்குக் காசு கொண்டுவராத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. கதை பார்த்துக்கொண்டது.

மூன்றாவது, மோட்சப் பிரயாணம். இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர் எழுதி 1678-ல் வெளிவந்த புத்தகம். தமிழிலும் ரொம்ப காலமாக இருக்கிறது. இதைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை எழுதி 1894-ல் வெளியிட்டார். அவர் வைணவக் குடும்பத்தில் பிறந்து பிறகு கிறிஸ்தவர் ஆனவர். கம்பராமாயணத்தில் ஊறியவர், அதனால் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே சொல்கிறார்கள்.

பனியன் யார் தெரியுமா? ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 12 வருஷம் சிறையில் போட்டார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள், அதில் ஒரு பெண் பிள்ளைக்குக் கண் தெரியாது. சிறைக்குள்ளே இருந்தபடியே செருப்பு நாடாக்கள் செய்து விற்கக் கொடுத்துக் குடும்பத்துக்கு அனுப்பினார். நாம் சுயதொழில் என்று சொல்கிறோமே, அதை அவர் சிறைக்குள்ளேயே செய்திருக்கிறார்!

அந்தப் புத்தகத்தில் ஓர் அரக்கன் வருகிறான். அவன் பெயரே அவநம்பிக்கை. வழி தவறிப்போன இரண்டு பேரைப் பிடித்து நிலவறையில் அடைத்து, அடித்து, "இனி உங்களுக்கு விடிவு கிடையாது, நீங்களே உயிரை விட்டுடுங்க" என்று யோசனை சொல்கிறான். ஒருவன் கிட்டத்தட்ட அதற்குத் தயாராகிவிடுகிறான். கூட இருக்கிற தோழன் விடவில்லை. பேசிப் பேசியே அவனைப் பிடித்து வைக்கிறான். கடைசியில் பார்த்தால், பூட்டைத் திறக்கிற சாவி அவன் மடியிலேயே இருக்கிறது. சாவியின் பெயர் வாக்குத்தத்தம். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அந்த நிலவறை எப்படி இருக்கும் என்று இந்தக் கூட்டத்தில் சில பேருக்குத் தெரியும். பேசிப் பிடித்து வைத்த தோழி யார் என்றும் தெரியும்.

இன்னொன்று, மணிமேகலை. சாத்தனார் எழுதிய பௌத்தக் காப்பியம். பசி என்று வந்தவர்களுக்கெல்லாம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலை கையில் இருக்கிறது. அதில் முதல் பிச்சை போட்டவள் ஆதிரை என்ற பெண். மணிமேகலை சிறைக் கொட்டடியையே அன்னம் போடும் அறக்கோட்டமாக மாற்றினாள். பஞ்சம் வந்தபோது அவள் தேடிப் போன ஊர் எது தெரியுமா? நம் பக்கத்துக் காஞ்சிபுரம்தான். பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களான நமக்கு அவள் விருந்தாளி. இன்றைக்கு நம் ஊரில் பௌத்தக் குடும்பம் எத்தனை இருக்கிறது? அதனால் என்ன? பசிக்கு மதம் இல்லை என்று அந்தப் புத்தகம் சொன்னதை உ.வே. சாமிநாதையர் 1898-ல் அச்சில் கொண்டுவந்தார். அவர் பௌத்தர் இல்லை. தேடித் தேடிப் படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டு பதிப்பித்தார்.

"எல்லா மதப் புத்தகத்தையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளையைக் காட்டுவேன். 1826-ல் பிறந்தவர், கிறிஸ்தவர். அவர் எழுதிய கீர்த்தனைப் புத்தகத்தின் பெயரே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'. எந்த மதத்துக்காரரும் மனம் கோணாமல் பாடலாம் என்றுதான் எழுதினார். இன்றைக்கும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். பெண்கள் படிக்க வேண்டும் என்று 150 வருஷத்துக்கு முன்பே பாட்டாகவும் எழுதியவர் அவர். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவர் எழுதியதுதான். 1879-ல் வந்தது. அதில் கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆளுகிறாள். கணவனைவிட அவள்தான் கெட்டிக்காரி! சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம். பெட்டியில் சிரிப்புக்கும் இடம் வேண்டும் சகோதரிகளே. அழுதால்தான் நல்ல புத்தகம் என்று ஒன்றும் இல்லை.

வேறு மதத்தை மதிப்பது நமக்குப் புதுசும் இல்லை. பக்கத்தில் மதுராந்தகம் ஏரி. அங்கே ஏரி காத்த ராமர் கோயில். ஏரிக்கரை உடையும் என்று பயந்த மழை இரவில், கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கலெக்டர் பிளேஸ் துரை பார்த்தார், அதன் பிறகு தாயார் சன்னிதித் திருப்பணியைச் செய்து கொடுத்தார் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1790-களில் இந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்தவர் அவர். வெள்ளைக்காரர், வேறு மதம். அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கோயில் கதையை நம்மால் சொல்லவே முடியாது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

நல்லதங்காள் கதை. 'பெரிய எழுத்து' புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்கும். நம் அம்மாக்கள் காலத்தில் ஒருத்தி ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து அழும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லவன், ஆனால் அந்த நேரம் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்துவிடுகிறாள். தெற்கே அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

இதைப் பெட்டியில் வைக்கலாமா? "வேண்டவே வேண்டாம், அபசகுனம்" என்றார்கள் சிலர். என் முதல் கேள்விப்படி பார்த்தால் வைக்கக்கூடாது. அது சுருண்டு படுக்க வைக்கிற கதைதான். கடன்காரன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போன ராத்திரி, ஒருத்தி தனியாக உட்கார்ந்து இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. மானத்துக்குப் பயந்து கிணற்றைத் தேடிய பெண்கள் கதையில் மட்டுமா இருக்கிறார்கள்?

ஆனால் நம் அம்மாக்கள் அதைத் தனியாகப் படிக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து அழுதார்கள். அழுதுவிட்டு எழும்போது, "நம்ம வாசலுக்கு வந்தவள மூளி அலங்காரி மாதிரி விரட்டக்கூடாதுடி" என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். அந்தக் கதை சாவைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தது. ஒரே புத்தகம்தான், தனியாகப் படித்தால் விஷம், கூடிப் படித்தால் மருந்து. அதனால் இந்தப் புத்தகம் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், கூட்டத்தில் மட்டும் படிக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் குழுவில் அப்படித்தான் படித்தோம். முடிந்ததும் ஒரு கேள்வி வைத்தோம்: "நல்லதங்காள் தட்டாம விட்ட கதவு எது?" ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீடு, ஊர்ப் பெரியவர், கோயில் மடப்பள்ளி. "அண்ணன் வர்ற வரைக்கும் ஒரு ராத்திரி திண்ணையில உக்காந்திருந்தா போதுமே, அவன்தான் தேடிக்கினு வந்தானே" என்றார் வயதான ஓர் அம்மா. அப்போது, மூன்று மாதமாக ஓரத்தில் உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு சகோதரி பேச ஆரம்பித்தாள். வெளியே நாலு இடத்தில் கடன் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நாங்கள் கலையவில்லை. எந்தக் கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினோம். உள்கடனில் ஒரு தொகை கொடுத்து அதிக வட்டிக் கடனை முதலில் முடித்தோம். வசூலுக்கு வந்தபோது அவளோடு இரண்டு பேர் கூட நின்றோம். இன்னும் கடன் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவள் இருக்கிறாள், இதோ இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சம்மதம் வாங்கித்தான் இதைச் சொல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன்.

மனசு ரொம்ப பாரமாக இருக்கிறவர்கள் 104-க்கும், வீட்டில் அடி, மிரட்டல் என்று இருக்கிறவர்கள் 181-க்கும் போன் போடலாம். இந்த இரண்டு எண்ணையும் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"எனக்குத்தான் படிக்கவே வராதே, எனக்கு எதுக்குப் பெட்டி?" என்று சில அம்மாக்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்களுக்காகவே வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். 1901-ல் பிறந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே கல்யாணம். பள்ளிக்கூடப் படி ஏறியதே கிடையாது. தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். தன் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தோழிதான் எழுதிக் கொடுத்தார். பிறகுதான் தானே எழுதப் பழகினார். 1925-லிருந்து 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். கடவுள் பக்தியும் நல்லொழுக்கமும் நிறைந்த கதைகள்தான் எழுதினார். அதே கையோடு கள்ளுக்கடை மறியலுக்கும் போனார். பக்தி இருந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த அம்மா பெயரைச் சொல்லுங்கள்.

படிக்கத் தெரியாத ஒருத்தி சொன்னாள், தெரிந்த ஒருத்தி எழுதினாள். அதே மாதிரி நம் குழுவில் தெரிந்த ஒருத்தி படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் நம்மில் பல பேர் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தானே? அன்றைக்குக் கற்ற எழுத்து கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட வேண்டுமா?

கடைசியாக, பெட்டிக்கு நான் சொல்கிற ஒழுங்குமுறை. கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டால் தீர்மானமாகவே எழுதிவிடலாம்.

ஒன்று, ஒவ்வொரு மதத்துப் புத்தகத்தையும் அந்த மதத்துச் சகோதரிகளே தேர்ந்தெடுக்கட்டும். வேறு மதத்துச் சகோதரி ஒருத்தி அதைப் படித்துப் பார்த்து, மனம் கோணாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் உள்ளே.

இரண்டு, மாதக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் கால் மணி நேரம் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கிறவர் முறை மாறி மாறி வர வேண்டும்.

மூன்று, புத்தகம் வாங்கக் கடன் கூடாது, யாரிடமும் கட்டாய வசூலும் கூடாது. வட்டி வரவில் கூட்டமைப்பு ஒதுக்குகிற தொகைக்குள்தான் வாங்க வேண்டும்.

நான்கு, ஊர் நூலகத்தையும் பயன்படுத்த வேண்டும். 1948-லேயே நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். நம் காசில் வாங்கிய புத்தகங்களை எறும்பும் கரையானும் மட்டும் படித்துக்கொண்டிருந்தால் எப்படி?

இரண்டு கட்சியாக நின்ற சகோதரிகளுக்கு ஒரே வார்த்தை. சாமி புத்தகம் மட்டும் வேண்டும் என்றவர்கள் பிள்ளைகள் நல்லபடி வளர வேண்டும் என்ற ஆசையில் சொன்னார்கள். சாமி புத்தகமே வேண்டாம் என்றவர்கள் குழு உடையக்கூடாது என்ற கவலையில் சொன்னார்கள். இரண்டும் நல்ல எண்ணம்தான். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் கையில் எடுத்துப் படித்தால் இரண்டு பேர் ஆசையும் நிறைவேறும்.

இந்தத் தீர்மானத்தை இன்றைக்கே நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.